பழைய பிக்கப்: கம்ப்யூட்டரைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

1996-க்கு முந்தைய அமெரிக்க பிக்கப் டிரக்குகளைப் பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, எஞ்சின் கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால் கனெக்டர் பொருந்துகிற வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறது. இந்த யோசனையைக் கேட்டால் கைக்காசுதான் போகும்.

ஃபோர்டின் இஇசி-4 கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் அதே 60 பின் கனெக்டர்தான். மஸ்டாங் காரிலிருந்து எடுத்தது எஃப்-150 பிக்கப்பிலும் சிக்கலின்றி மாட்டும். ஆனால் 5.0 லிட்டர் மஸ்டாங் 1989 முதல் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை வைத்துக் காற்றை அளந்தது. அதே காலத்து எஃப்-150 பெரும்பாலும் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டது. மஸ்டாங்கில் எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும், பிக்கப்பில் கூட்டமாகத் திறக்கும். ஆகவே ஃபோர்டில் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டர் லேபிளில் உள்ள மூன்று அல்லது நான்கு எழுத்துக் குறியீட்டையும், நடுவில் 12ஏ650 என்று வரும் எண்ணின் கடைசி எழுத்துகளையும்தான்.

ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் கதை வேறு. கம்ப்யூட்டர் பெட்டி பொதுவானது, எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் விகிதம் ஆகியவற்றுக்கான கணக்கெல்லாம் உள்ளே செருகியிருக்கும் ப்ராம் அல்லது மெம்-கால் சிப்பில் இருக்கும். மாற்றுப் பெட்டி பெரும்பாலும் சிப் இல்லாமலே வரும்; பழையதிலிருந்து கழற்றிப் போட வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் கோடு 51 (கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) வரும். இக்னிஷனை அணைத்துப் பத்து விநாடியாவது கழித்துத்தான் கனெக்டரைத் தொட வேண்டும்.

கியர்பாக்ஸ் பொருத்தத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜிஎம்மின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களான 700ஆர்4-உம் 4எல்60இ-யும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். முன்னது எண்ணெய் அழுத்தத்தாலும் கேபிளாலும் தானே கியர் மாற்றும். பின்னதை மாற்றுவது கம்ப்யூட்டர். 700ஆர்4 வண்டியின் கம்ப்யூட்டரை 4எல்60இ வண்டியில் வைத்தால், கியர் மாற்றும் மின்காந்த வால்வுகளான ஷிஃப்ட் சோலினாய்டுகள் இயங்கவே இயங்காது. அந்நிலையில் கியர்பாக்ஸ் மூன்றாம் கியரில் நிற்கும். வண்டி புறப்படவே திணறும். உடனே கியர்பாக்ஸ் போயிற்று என்று அதையும் இறக்குவார்கள்!

இத்தனைக்கும் பாதி நேரம் கம்ப்யூட்டர் மேல் தவறே இருக்காது. சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரம், கிரவுண்டு என்ற வரிசையில் போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரின் கிரவுண்டு பின்னிலும் மற்றதை பேட்டரி நெகடிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிரவுண்டு சரியில்லை. ஜிஎம் டிபிஐ எஞ்சினில் (த்ராட்டில் பாடியிலேயே எரிபொருள் பீய்ச்சும் வகை) கிரவுண்டு வயர்கள் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டில் கட்டியிருக்கும். கூலண்ட் கசிந்து அரிக்கிற இடமும் அதுவே. அடுத்து, கம்ப்யூட்டர் சென்சார்களுக்கு அனுப்பும் 5 வோல்ட் ரெஃபரன்ஸ். அது விழுந்திருந்தால் த்ராட்டில் சென்சார், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஷார்ட். எதிலும் திரும்பாவிட்டால், எக்ஸாஸ்டை ஒட்டிப் போகும் வயரிங்கில் உருகிய இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கோடு படிக்க ஸ்கேனர் வேண்டியதில்லை. ஜிஎம்மில் சோதனைக்கான 12 பின் கனெக்டரின் ஏ, பி பின்கள் இரண்டையும் கிளிப்பால் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டும்; அந்தச் சிமிட்டலை எண்ணினால் கோடு. டாட்ஜில் சாவியை ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன் என்று ஐந்து விநாடிக்குள் திருப்ப வேண்டும். ஒன்றின் பட்டியலை வைத்து மற்றதைப் படிக்கக் கூடாது. 12 என்பது ஜிஎம்மில் டிஸ்ட்ரிபியூட்டர் துடிப்பு வரவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடாதபோது அது வருவதே இயல்பு. டாட்ஜில் அதே 12, பேட்டரி அண்மையில் கழற்றப்பட்டது என்பது. ஃபோர்டின் ஓடும் எஞ்சின் சோதனையிலோ, வேகத்தைக் கம்ப்யூட்டரால் உயர்த்த முடியவில்லை என்பது. அந்தச் சோதனை தொடங்கும்போது சிலிண்டர் எண்ணிக்கையில் பாதி தடவை விளக்கு சிமிட்டும்: எட்டு சிலிண்டருக்கு நான்கு. இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் உள்ளே இருப்பது வேறு எஞ்சினுக்கான கம்ப்யூட்டர் என்று அங்கேயே சந்தேகப்படலாம்.

உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. இஇசி-4 பெட்டிகளில் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். மூடியைத் திறந்தால் மீன் நாற்றமும் பச்சைக் கறையும் காட்டிக்கொடுக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் கப்பாசிட்டர் போட வேண்டும். நெகடிவ் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். கசிந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டே ஈயம் வைக்க வேண்டும்.

ஜிஎம் பெட்டி எரிந்திருந்தால் புதியதை மாட்டும் முன் அது இயக்கும் ரிலே, சோலினாய்டு காயில்களை ஓம் மீட்டரில் பாருங்கள். 20 ஓமுக்குக் கீழ் இருப்பது புதிய பெட்டியில் அதை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டையும் எரித்துவிடும். (இந்த 20 ஓம் கணக்கு ஃபோர்டுக்குப் பொருந்தாது, அங்கே ஐடில் வால்வின் காயிலே அதைவிடக் குறைவு.)

கட்டுரையில் ஸ்கேனர் பற்றிச் சொன்னதிலும் ஒரு திருத்தம். 16 பின் சாக்கெட் இருந்தாலே ஓபிடி-2 (1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் பொதுவான சோதனை முறை) ஆகிவிடாது. 1995-இன் சில ஜிஎம் வண்டிகளில் சாக்கெட் புதிது, பேசும் மொழி பழையது. ஓபிடி-2 ஸ்கேனரைச் செருகினால் இணைப்பே கிடைக்காது. பானட்டுக்குக் கீழே உள்ள எமிஷன் லேபிளில் ஓபிடி-2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கேனர் வாங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்