கன்ட்ரி வானொலி நிலையத்தாருக்கு: சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

கென்டக்கியிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கன்ட்ரி பாடல்களை ஒலிபரப்பும் நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழில் எழுதக் காரணம், நான் சொல்லப்போகும் வீடு தமிழ் பேசிய வீடு. அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியின் பாடகர்கள் லொரெட்டா லின்னும் மெர்ல் ஹாகார்டும் ரேடியோவில் பாடிக்கொண்டிருக்க, நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்டு வளர்ந்தோம். எங்களைப் போன்ற வீடுகளும் உங்கள் நேயர்கள் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், தமிழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கேட்பது இதுதான். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு மணி வரை, பழைய கன்ட்ரி பாடல்களுக்கென்று ஒதுக்குங்கள். ஹாங்க் வில்லியம்ஸ் பாடிய 1940களின் கடைசியில் தொடங்கி 1980களின் கடைசி வரைக்கும் உள்ளவை. நள்ளிரவிலோ ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலோ போட்டுவிட்டு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கிற நேரமாக இருக்க வேண்டும்.

அப்பா மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு வழிவிட்ட பிறகு அமெரிக்கா வந்த இந்திய டாக்டர்களில் பலர், உள்ளூர்க்காரர்கள் போகத் தயங்கிய சிற்றூர் ஆஸ்பத்திரிகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1970களில் அப்பாவுக்கு வாய்த்தது கிழக்கு கென்டக்கியின் பைக் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). மலையைக் குடைந்து நிலக்கரி எடுக்கும் ஊர்கள். வருகிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு நுரையீரலில் கரித்தூசி. ஊரில் அதற்கு ‘பிளாக் லங்’ என்று பெயர். 1969ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அந்த நோய்க்கு உதவித்தொகை கொடுக்க வழி செய்திருந்ததால், எக்ஸ்ரே படமும் கையுமாக அப்பா அறையின் வெளியே எப்போதும் கூட்டம் இருக்கும்.

அப்பா படித்த இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேச்சு அப்பாவுக்குப் புரியவில்லை. அப்போதுதான் ஒரு சுரங்கத் தொழிலாளி, ஃபீஸோடு சேர்த்து ஒரு தொண்ணூறு நிமிஷ கேசட்டையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளூர் ரேடியோவிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தது. மேலே பென்சிலில் ‘டாக்’, அதாவது டாக்டர், என்று எழுதியிருந்தது. அதில் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி முடித்ததும் அறிவிப்பாளர் வருவார். பனியால் நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் லீவு, யார் தவறிவிட்டார்கள், எந்த தேவாலயத்தில் அடக்கம் என்று நிதானமாகப் படிப்பார். அப்புறம் கிட்டி வெல்ஸ். அப்பா அந்த கேசட்டைக் காரில் போட்டுப் போட்டு அந்த மலைக்காரர்களின் பேச்சைப் பிடித்துக்கொண்டார். ‘எங்கே வலிக்கிறது’ என்று அவர்கள் பாணியில் கேட்கப் பழகினார். அவர்களும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாங்கள் இருந்த பள்ளத்தாக்கில் எஃப்.எம். அலை மலையைத் தாண்டி வராது. பொழுது சாய்ந்தால் ஏ.எம். வரும். பகலில் அடங்கிக் கிடக்கும் அந்த அலைகள் இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய் இறங்கும். அப்படித்தான் நாஷ்விலின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம், 650ஆம் எண்ணில், 50,000 வாட் சக்தியோடு எங்கள் சமையலறைக்கு வந்தது. சனிக்கிழமை ராத்திரி என்றால் கிராண்ட் ஓலே ஆப்ரி. 1925 நவம்பர் 28 அன்று 77 வயதுத் தாத்தா ஒருவர், ஜிம்மி தாம்சன், பிடில் வாசிக்கத் தொடங்கி வைத்த நிகழ்ச்சி அது. நூறு வருஷம் ஆகியும் நிற்கவில்லை.

அம்மா ஊரில் வீணை கற்றவர். வந்த புதிதில் அவருக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோ பக்கம் திரும்பி, ‘அது என்ன வாத்தியம்? ஜாரு மாதிரி இழுக்கிறானே’ என்று கேட்டார். பெடல் ஸ்டீல் கிடார். கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே போய், காலால் பெடலையும் முட்டியால் நெம்புகோலையும் அழுத்தி ஸ்வரத்தை வளைப்பார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விட்டுப்போகாமல் நழுவுவதற்கு நம் சங்கீதத்தில் ஜாரு என்று பெயர். அன்றிலிருந்து அம்மாவும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு லொரெட்டா லின்தான் எல்லாம். லொரெட்டா பிறந்த புட்சர் ஹாலோ, வான் லியர் ஊருக்குப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். சுரங்கத் தொழிலாளியின் மகள். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துக் குழந்தைகள், துணி துவைப்பது, புருஷன் குடித்துவிட்டு வருவது, எல்லாவற்றையும் மறைக்காமல் பாடினார். கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடிய பாட்டை 1975இல் பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன. அம்மாவுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் அந்தப் பாடல்களில் ஒரு வரி விடாமல் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேச அம்மாவுக்குக் கிடைத்த முதல் விஷயமே லொரெட்டாதான்.

அப்பாவுக்கு சார்லி ப்ரைடு. மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்ற ஊரில் குத்தகைப் பருத்தி விவசாயி வீட்டில் பிறந்த கறுப்பினத்தவர். 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டுகளை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது கம்பெனி அவர் படத்தை வைக்கவில்லை. குரலைக் கேட்டு ஜனங்கள் விரும்பிய பிறகுதான் முகம் தெரிந்தது. 1971இல் கன்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. ஊரே வெள்ளையர்களாக இருந்த இடத்தில், தன் நிறத்தைப் பார்த்து ஒரு நோயாளி வேறு டாக்டரைக் கேட்டுப் போன நாளில், அப்பா வீட்டுக்கு வந்து பேசாமல் சார்லி ப்ரைடு இசைத்தட்டைப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளி பிற்பாடு எங்கள் வீட்டுக்குத் தக்காளி கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார், அது வேறு கதை.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரூட் 23ஐ நீங்கள் அறிவீர்கள். ‘கன்ட்ரி மியூசிக் ஹைவே’ என்றே அதற்குப் பெயர். லொரெட்டா, அவர் தங்கை கிரிஸ்டல் கேல், ரிக்கி ஸ்காக்ஸ், பாட்டி லவ்லெஸ், டுவைட் யோகம், ஜட் குடும்பத்தார் என்று அந்தச் சாலையோரக் கவுண்டிகளில் பிறந்தவர்களின் பெயர்கள் பலகைகளில் இருக்கின்றன. அதே சாலையில்தான் சுரங்க வேலை போனவர்கள் ஒஹாயோவுக்கும் டெட்ராய்டுக்கும் கார் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். ‘படிப்பு, எழுத்து, ரூட் 23’ என்று உள்ளூரில் ஒரு வழக்கே உண்டு. படித்து முடித்தால் ஊரை விட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அப்பாவின் நோயாளிகளுடைய பிள்ளைகள் வடக்கே போயிருந்தார்கள், அப்பா மதுரையை விட்டு வந்திருந்தார். வீட்டை நினைத்து ஏங்குகிற பாட்டு வந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மௌனமாகிவிடும்.

1989 மே மாதம் பாடகர் கீத் விட்லி இறந்தார். குடிதான் காரணம். அவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளை, சாண்டி ஹூக்கில் வளர்ந்தவர். மறுநாள் அப்பாவின் கிளினிக்கில் யாரும் தன் வியாதியைப் பேசவில்லை என்று அப்பா சொன்னார். ராத்திரி என் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குடியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பதின்வயதுப் பையனிடம் ஒரு தமிழ் அப்பா அந்தப் பேச்சை எடுப்பது எவ்வளவு கடினம் என்று தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். ரேடியோவில் விட்லியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பேச்சு நடந்தது.

இப்போது உங்கள் நிலையங்களுக்கு வருகிறேன். நாடு முழுவதும் ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் எடுத்துவிட்டது. சில வருஷங்களிலேயே ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேல் நிலையங்கள். எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பது உள்ளூர் அறிவிப்பாளரின் கையை விட்டுப் போயிற்று. 1999இல் கன்ட்ரி இசைச் சங்க விருது விழாவில் ஜார்ஜ் ஜோன்ஸிடமே பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள், அவர் வர மறுத்தார். மேடையில் ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, பெரியவரின் பாட்டை எடுத்துப் பாடினார். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதை மறந்திருக்க முடியாது. பெண் பாடகிகளை அடுத்தடுத்துப் போடக் கூடாது, பெண்கள் சாலட்டில் தக்காளி மாதிரி, கொஞ்சம் இருந்தால் போதும் என்று 2015இல் ஒரு வானொலி ஆலோசகர் சொன்னதையும்தான். என் அம்மா கேட்ட ரேடியோவில் லொரெட்டாவுக்குப் பின் டாலி பார்டன், அவருக்குப் பின் டாமி வைனெட் வந்தார்கள். யாரும் ரேடியோவை அணைத்துவிட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் நிலையமும் கைமாறியது. பழைய பாட்டு கேட்டு நான் போன் செய்தபோது, ஆய்வில் அவை தேறவில்லை என்று பதில் வந்தது. பாட்டின் சில வினாடித் துண்டைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்குவதுதான் அந்த ஆய்வு என்றால், ஒரு கதையை மூன்று நிமிஷம் மெதுவாகச் சொல்லி, கடைசிச் சரணத்தில் மனதை உடைக்கிற பாட்டுக்கு அதில் எப்படி நியாயம் கிடைக்கும்?

ஆப்பில் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? என் மகளுக்கு வெர்ன் காஸ்டின் என்ற பழைய பாடகரின் பெயர் தெரியாது. அவள் காதில் ஹெட்போன், அம்மா கையில் வேறொரு போன், காரில் ஆளுக்கொரு பாட்டு. ரேடியோ என்றால் எல்லோர் காதிலும் ஒரே பாட்டு விழும். ‘இது யார்?’ என்று சின்னவள் கேட்பாள், பாட்டி பதில் சொல்வார். இப்போது அந்தக் கேள்வியே எழுவதில்லை.

பழைய பாட்டு போடுவதால் கூடுதல் செலவும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண வானொலி, பாடலை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் மட்டும்தான் பணம் கட்டுகிறது. பாடியவருக்கு ஒலிபரப்புக்காக எதுவும் தருவதில்லை. இந்தப் பழைய பாடகர்களுக்கு உங்கள் ரேடியோ கொடுத்ததெல்லாம் காற்றலையில் ஓர் இடம்தான். 1960இல் லொரெட்டாவும் கணவரும் தன் முதல் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, காரிலேயே தூங்கி, ரொட்டியும் இறைச்சியும் தின்று, ஊர் ஊராக நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்களே, அந்த இடத்துக்காகத்தான்.

இளைய நேயர்கள் போய்விடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். 1970 வாக்கில், ஸ்டான்லி சகோதரர்கள் என்ற பழைய குழுவைச் சேர்ந்த பாடகர் ரால்ஃப் ஸ்டான்லி டயர் பஞ்சராகி ஒரு நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போனபோது, அந்தச் சகோதரர்களின் பழைய பாட்டுகளை இரண்டு பையன்கள் அச்சு அசலாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரிக்கி ஸ்காக்ஸும் கீத் விட்லியும். இருவரையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். இன்று உங்கள் பெரிய நட்சத்திரமான கிறிஸ் ஸ்டேபிள்டனும் லொரெட்டாவின் ஜான்சன் கவுண்டியில் வளர்ந்தவர்தான். பெரியவர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளால்தான் உங்கள் தொழில் ஓடுகிறது.

இன்னொரு அவசர விஷயம். உங்கள் கிடங்குகளில் கிடக்கும் டேப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2022 ஜூலை வெள்ளத்தில் கென்டக்கியின் வைட்ஸ்பர்க்கில், மலைப்பகுதிக் கலைகளைப் பதிவுசெய்யும் ஆப்பல்ஷாப் அமைப்பின் ஆவணக் காப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பல வருஷங்களாகச் சேர்த்த படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் நனைந்தன. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து மீட்கப் போராடினார்கள். உங்களிடம் உள்ளவற்றை, மரண அறிவிப்பும் பள்ளிக்கூட லீவும் சேர்த்தே, பெரியா கல்லூரி போன்ற ஓர் ஒலிக் காப்பகத்திடம் கொடுங்கள். என் அப்பாவின் கேசட்டில் இருக்கும் அந்த அறிவிப்பாளரின் குரல் வேறெங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நடத்த ஓர் உள்ளூர்க்காரரை உட்காரவையுங்கள். பாடியவர் பெயரோடு, பாட்டை எழுதியவர் யார், ஸ்டீல் வாசித்தது யார் என்றும் அவர் சொல்லட்டும். நேயர்கள் கூப்பிட ஒரு போன் நம்பரும் வையுங்கள். அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறார், காது நன்றாகக் கேட்கிறது. நீங்கள் தொடங்குகிற அன்று, முதல் ஆளாகக் கூப்பிட்டு சார்லி ப்ரைடு பாட்டு போடச் சொல்லிக் கேட்கப் போவது அவர்தான். உச்சரிப்பு கொஞ்சம் மதுரை, கொஞ்சம் பைக் கவுண்டியாக இருக்கும். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

அன்புடன்,
பைக் கவுண்டியில் வளர்ந்த ஒரு டாக்டரின் மகள்