டீச்சர், இப்ப என்ன கேட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் மாதத்தில் உங்கள் பத்திரிகையில் வரும் நோன்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். ஸஹர் (நோன்பு பிடிக்கும்), இப்தார் (நோன்பு திறக்கும்) நேர அட்டவணையை வெட்டியெடுத்துக் குசினிக் கதவில் ஒட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டுரைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று மட்டும் வருவதில்லை. நோன்பு இரவுகளின் விசேஷத் தொழுகையான தராவீஹ் தொழுது முடிந்த பிறகு ஓதுகிற துஆக்களில் (பிரார்த்தனைகளில்) சின்னதாக ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்று போதும், அர்த்தத்தோடு போடுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

நான் மலைநாட்டில், ஹப்புத்தளையில் இருக்கிறேன். 31 வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். நோன்பு காலத்தில் எங்கள் வீட்டு முன் ஹோலில் பெண்களுக்கான தராவீஹ் நடக்கும். வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள், கடைசிப் பத்து நாளில் இன்னும் கூடும். இங்கே இரவுக் குளிர் உங்களுக்குத் தெரியாததல்ல. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூ செய்யக் குழாயைத் திறந்தால் விரல் விறைத்துப் போகும். அதனால் மஃரிப் என்ற அந்தித் தொழுகை முடிந்த கையோடு பெரிய கேத்தலில் தண்ணீர் சுட வைத்து, வாளியில் கலந்து, வாசலில் வைத்துவிடுவேன். தொழுகை உடுப்புக்குள்ளே ஜம்பர் போட்டுக்கொண்டு, கையில் டோர்ச்சோடு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். மத்ரஸாவில் ஓதி முடித்த பிள்ளை ஒருத்தி முதல் வரிசையின் நடுவிலேயே நின்று தொழுவிப்பாள். எங்கள் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பெண் இமாம் நிற்கும் முறை அதுதான். கடைசியாகத் தொழும் வித்ரு முடிந்து ஸலாம் கொடுத்ததும் "ஸுப்ஹானல் மலிகில் குத்தூஸ்" என்று மூன்று தடவை சொல்வோம், மூன்றாவது தடவை குரலை உயர்த்தி. அப்புறம் துஆ. அதை ஓதுவது பல வருடமாக என் பொறுப்பு.

என்னிடம் நான்கு பக்கப் போட்டோ கொப்பி ஒன்று இருந்தது. கொப்பிக்குக் கொப்பி எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன கடதாசி. முழுக்க அரபு. ஓதி முடிக்கப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். நல்ல துஆதான், குறை சொல்ல எதுவும் இல்லை. நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் எல்லோரும் ஆமீன் சொல்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் இரவு. துஆ முடிந்து, எல்லோருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மாமி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு மூதாட்டி இருக்கிறார். முழங்கால் வலியால் கதிரையில் இருந்துதான் தொழுவார். கோப்பையை வாங்கிக்கொண்டே, "டீச்சர், இப்ப என்ன கேட்டீங்க?" என்றார்.

"எல்லாருக்கும் ரஹ்மத் கேட்டோம் மாமி, மஃபிரத் கேட்டோம்" என்றேன், அருளும் மன்னிப்பும் என்ற அர்த்தத்தில்.

"அது சரி. நான் படுக்கையில விழுந்து கிடந்து புள்ளைகளுக்குப் பாரமாகாமப் போய்ச் சேரணும். எனக்குக் கேக்க இருக்கிறது அது ஒண்டுதான். அது அந்தக் கடதாசியில இருக்கா?"

இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான்கு பக்கத்தில் பாதிக்கு மேல் எனக்கே அர்த்தம் தெரியாது. மாமி குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

2020 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய நோன்பு ஞாபகத்துக்கு வந்தது. கொரோனாவால் பள்ளிவாசல்கள் எல்லாம் மூடியிருந்த நோன்பு. என் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வீட்டில் இமாமாக நின்றார். தெரிந்த சின்னச் சூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) ஓதித் தொழுவித்தார். தொழுகை முடிந்ததும் திரும்பி உட்கார்ந்து கையை ஏந்தினார். பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஸரத் ஓதுகிற நீண்ட துஆ அவருக்குப் பாடமில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகத் தமிழில் கேட்கத் தொடங்கினார். "யா அல்லாஹ், கொழும்பில மாட்டிக்கொண்டு இருக்கிற எங்கட மகனப் பாதுகாத்துத் தா. கடை மூடிக் கிடக்கு, வேலைக்கு இருக்கிற பொடியன்மாரின் வீட்டுல அடுப்பு அணையாமப் பாத்துக்கோ..." பேரப்பிள்ளைகள் இருவரும் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் சொன்ன ஆமீன் மாதிரி ஓர் ஆமீனை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கே சொல்ல வேண்டும் என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. தங்கள் மாமாவின் பெயர் வந்ததும் தாமாகவே சொன்னார்கள்.

மாமி கேட்டது கடதாசியில் இருக்கிறதா என்று மறுநாளே தேட ஆரம்பித்தேன். எங்களுக்குத் தெரிந்த மௌலவி ஒருவர் வரிவரியாக அர்த்தம் சொல்லித் தந்தார். கடதாசியில் அது இல்லை. ஆனால் நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது என்றார். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் பின் நான்கு விஷயங்களிலிருந்து பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்: கோழைத்தனம், தள்ளாத வயதுக்குத் தள்ளப்படுவது, உலகத்தின் சோதனை, கப்ருடைய (மண்ணறையின்) வேதனை. இரண்டாவது மாமியின் துஆவேதான். "அஊது பிக மின் அன் உரத்த இலா அர்தலில் உமுர்."

அதைவிட என்னை உலுக்கியது அந்த ஹதீஸின் தொடக்கம். நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் இந்த வார்த்தைகளைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம், ஆசிரியர் ஒருவர் சிறுவர்களுக்கு எழுதப் படிப்பிப்பது போல. ஆசிரியைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 'அ' எழுதப் படிப்பிக்கும்போது அதன் கைக்கு மேல் நம் கையை வைத்து, சுழியைச் சுழித்து, கோடு இழுத்து, திரும்பவும் முதலில் இருந்து. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. நான்கு பக்கத்தைக் கையில் கொடுத்து, நான் வாசிக்கிறேன் நீ ஆமாம் போடு என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. என் வீட்டு ஹோலில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த இரவு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன். நான் சொல்ல, அவர்கள் சொல்ல, மூன்று தடவை. பிறகு தமிழில் அர்த்தம். மாமி கதிரையில் இருந்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது ரஸூலுல்லாஹ்வும் கேட்டதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அரபு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நபியவர்களின் வாயிலிருந்து வந்த சொற்களுக்கு உள்ள பரக்கத் வேறு. தராவீஹ் இருபது ரக்அத்தா எட்டா, துஆவைக் கூட்டாக ஓதலாமா என்ற பேச்சுக்கும் நான் வரவில்லை. அதை மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓதுவதை விளங்கி ஓத வேண்டும், சின்னதாக ஓதினால் அது குறையாகிவிடாது, இவ்வளவுதான் என் பேச்சு.

நம் பெரியவர்கள் இதை அறியாதவர்களா? நோன்பு பிடிக்கும் எண்ணத்தைச் சொல்கிற நிய்யத்தைப் பாருங்கள். வித்ரு முடிந்ததும் அரபில் ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, "இந்த வருஷத்து ரமழான் மாசத்தின் பர்ளான நோன்பை நாளைக்குப் பிடிக்க நிய்யத்து வைக்கிறேன் அல்லாஹு தஆலாவுக்காக" என்று தமிழிலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது பாடம். எழுத வாசிக்கத் தெரியாத என் உம்மும்மாவுக்கும் அது பாடம். தமிழில் சொன்னதால் யாருடைய நோன்புக்கும் குறை வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நீளத்தைப் பற்றிச் சொன்னால், நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களின் கதைதான் எனக்கு நினைவு வரும். இரவில் தொழும் இஷாத் தொழுகையில் நீண்ட சூராவை ஓதித் தொழுவித்து, வேலை செய்து களைத்து வந்த ஒருவர் தாங்க முடியாமல் தனியாகப் பிரிந்து தொழுதுவிட்டுப் போகும்படி ஆகி, நபியவர்களிடம் கண்டிப்பு வாங்கியவர் அவர். அதே முஆதின் கையைப் பிடித்து, "உன்னை நான் நேசிக்கிறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் விட்டுவிடாதே என்று நபியவர்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி: "அல்லாஹும்ம அஇன்னீ அலா திக்ரிக வஷுக்ரிக வஹுஸ்னி இபாததிக்." யா அல்லாஹ், உன்னை நினைக்கவும், உனக்கு நன்றி சொல்லவும், உன்னை அழகாக வணங்கவும் எனக்கு உதவி செய்.

இன்னொரு மனிதர் நபியவர்களிடம் வந்து, "நான் சுவர்க்கத்தைக் கேட்கிறேன், நரகத்திலிருந்து பாதுகாப்புத் தேடுகிறேன், அவ்வளவுதான். உங்களைப் போலவும் முஆதைப் போலவும் முணுமுணுத்து ஓத எனக்குத் தெரியாது" என்றார். "நாங்களும் அதைச் சுற்றித்தான் முணுமுணுக்கிறோம்" என்றார்கள் நபியவர்கள். நோன்பு இரவுகளில் நாம் சேர்ந்து சொல்கிற "அஸ்அலுகல் ஜன்னத வஅஊது பிக மினன் நார்" அந்த மனிதரின் துஆதானே. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த லைலத்துல் கத்ர் இரவுக்கு என்ன ஓத என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது கிடைத்ததும் ஒரு வரிதான்: "அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ." நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு. இதை எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இரண்டு இரவில் பாடமாக்கிவிட்டார்கள்.

நீங்கள் போடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். தமிழ் எழுத்தில் அரபை அப்படியே கொண்டுவர முடியாது. "யா முகல்லிபல் குலூப், ஸப்பித் கல்பீ அலா தீனிக்" என்று ஒரு துஆ இருக்கிறது. உள்ளங்களைப் புரட்டுகிறவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் நிலைக்க வை என்று அர்த்தம். இந்தக் 'கல்பு' அடித்தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்து. நம் 'க'வைப் போட்டுச் சாதாரணமாக வாசித்தால் உள்ளம் என்ற சொல் நாய் என்ற சொல்லாகிவிடும். நம் முன்னோர் அரபு எழுத்துக்குப் புள்ளிகளைக் கூட்டி அரபுத் தமிழில் எழுதியதால் இந்தச் சங்கடம் இல்லாமல் இருந்தது. அப்படி எழுதிய சின்னக் கொப்பி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. வாப்பாவின் கையெழுத்து. எனக்குத் தட்டுத்தடுமாறி வாசிக்க வரும், என் மகளுக்கு அதுவும் வராது. ஆகவே அரபு எழுத்தையும் பக்கத்தில் போடுங்கள். எப்படி உச்சரிப்பது என்று ஒரு வரி எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஓர் ஆலிமிடம் காட்டிவிடுங்கள். பிழையாக ஒன்று அச்சாகிவிட்டால் அதைப் பாடமாக்கியவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்த முடியாது.

முப்பது நாளைக்கு முப்பது வேண்டும் என்றும் இல்லை. பத்துத் துஆவை மூன்று தடவை திரும்பப் போட்டாலும் சரி. நோயாளிக்கு ஒன்று, மௌத்தானவர்களுக்கு (இறந்தவர்களுக்கு) ஒன்று, கடன்பட்டவருக்கு ஒன்று, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ஒன்று. இங்கே மழை நாளில் மண்மேட்டின் கீழே வீடு வைத்திருப்பவர்களும் எங்களோடு வந்து தொழுகிறார்கள், அவர்களுக்கும் ஒன்று.

எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். மாமிக்கு இப்போது ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அதையும் வெட்டி ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹப்புத்தளை.