டிம் அடித்தும் அடங்காத வெளிச்சம்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

உயர்திரு தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஹாலஜன் பல்புக்கென்று செய்யப்பட்ட முகப்பு விளக்கில், கடையில் வாங்கிய செனான் கிட்டை (செனான் வாயு பல்பும் அதை எரியவைக்கும் கருவியும்) பொருத்திக்கொண்டு இரவில் ஓடும் கார்களைப் பற்றித் தங்கள் துறைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது சட்டப்படி தவறு என்பதும், எந்தெந்தத் தெருக்களில் அந்தக் கிட்டுகள் வெளிப்படையாக விற்கப்படுகின்றன என்பதும் தங்கள் அலுவலர்களுக்குத் தெரியும். ஆயினும் இம்மடலை எழுதுகிறேன். கடந்த சம்பா அறுவடையின்போது என் பெரியப்பா மகனுக்கு நேர்ந்த விபத்தும், அதைவிட அந்த விபத்து காகிதத்தில் பதிவான விதமும் என்னை எழுதவைத்தன.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தம் நெல்லுக்குக் காவலிருந்துவிட்டு, மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சாலையில் அவர் மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை அது. எதிரே வந்த காரின் நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்ததும், டிம் செய்யச் சொல்லித் தம் விளக்கை இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டிருக்கிறார். காரோட்டி பதிலுக்கு ஹை பீமை ஒருமுறை போட்டு இறக்கிக் காட்டினார். அதாவது, அந்தக் கார் அதுவரை டிம்மில்தான் வந்துகொண்டிருந்தது. கார் கடந்து போன பிறகும் சில நொடிகள் சாலையே தெரியவில்லை என்கிறார் அண்ணன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடியில் 33 மீட்டர் போய்விடும். அந்தத் தொலைவுக்குள், பின்புறம் பிரதிபலிப்பான் இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர் நெல் மூட்டைகளோடு ஓரமாக நின்றிருந்தது. காறை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. அந்தப் பருவத்தின் மீதி வேலை முழுவதையும் அண்ணிதான் ஆள் வைத்து முடித்தார்.

வழக்குப் பதிவில், அவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து, நின்றிருந்த வாகனத்தின் பின்புறம் மோதியதாக எழுதப்பட்டிருக்கிறது. கார் அதில் எங்குமே இல்லை. மோதிய கார் என்றால் பெயிண்ட் ஒட்டியிருக்கும், கண்ணாடித் துண்டு கிடந்திருக்கும்; கண்ணைக் குருடாக்கிவிட்டுப் போகும் வெளிச்சம் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. காரோட்டியும் தாம் செய்தது இன்னதென்று அறியாமலே வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கண் கூசித் தடுமாறியவரே குற்றவாளி என்று எழுதப்படும்வரை, செனான் கிட்டால் நேரும் விபத்து எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராத ஒன்றைத் தடுக்க யாரும் புறப்படவும் மாட்டார்கள். ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான்: இரவில், சாலையில், முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையைக் கருவி வைத்து அளந்து பாருங்கள்.

டிம்மில் வைத்தும் ஏன் கூசுகிறது என்பதை, காரோட்டிகளும் இம்மடலைப் படிக்கக்கூடும் என்பதால், சொல்லிவிடுகிறேன். எச்4 என்னும் வகை ஹாலஜன் பல்பில், டிம்முக்கு எரியும் தாழ்ஒளி இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். ஒளியை முன்னே திருப்பும் குழிவான பளபளப்புப் பரப்பான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி பட்டு மேல்நோக்கி எழும்பாமல் அதுவே தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த மெல்லிய இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. செனான் பல்பில் இழையே கிடையாது. ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தத்தைப் பாலாஸ்ட் என்னும் கருவி கொடுத்ததும் இரு முனைகளுக்கிடையே மின்வில், அதாவது தொடர்ந்து எரியும் மின்பொறி, மூள்கிறது. அதன் வடிவமும், அதில் ஒளி செறியும் இடமும் இழையினுடையவை போல இருப்பதில்லை. ஆகவே அதே ரிஃப்ளெக்டரில் அதை மாட்டும்போது ஒளி ஒழுங்கிழந்து நாற்புறமும் சிதறுகிறது. அளவும் சிறிதன்று: எச்4 பல்பின் தாழ்ஒளி சுமார் 1,000 லூமன் (ஒளியளவின் அலகு) என்றால், 35 வாட் செனான் பல்பு சுமார் 3,200 லூமன் தருகிறது. தொழிற்சாலையிலேயே செனான் பொருத்தி வரும் கார்களின்மேல் எனக்குப் புகார் இல்லை. அவற்றில் மின்வில்லுக்கென்றே வடிவமைத்த, லென்ஸ் வழியே ஒளியைச் செலுத்தும் புரொஜெக்டரோ, ரிஃப்ளெக்டரோ இருக்கிறது. 2,000 லூமனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்குத் தானியங்கி மட்டச் சீரமைப்பையும், கண்ணாடியைக் கழுவும் அமைப்பையும் ஐ.நா.வின் 48-ஆம் ஒழுங்குவிதி கட்டாயமாக்கியது இந்தக் கூச்சத்தை அஞ்சியே. கிட் வாங்குபவருக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. பல்பும் பாலாஸ்ட்டும் மட்டுமே கிடைக்கின்றன.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலது ஓரத்திலிருந்து 0.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்த உயரம் ஏறத்தாழ மொபெட்டில் அமர்ந்து வருபவரின் கண் உயரம்தான். உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் வைத்தது. இத்தனையும் ஏட்டில் இருக்க, ஹெல்மெட் இல்லாத தலையைப் பகலில் எட்டிப் பிடிக்கும் கை, இரவில் இந்த விளக்கின் முன் நீள்வதே இல்லை.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்கு வாகனமும் பேருந்தும் தகுதிச் சான்றுக்காகக் குறித்த காலத்தில் சோதனைக்கு வந்தாக வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கோ பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகளில் அதன் முகப்பு விளக்கை யாராவது ஒருமுறையேனும் அளந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளில் விளக்கின் நடுவே கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரிஃப்ளெக்டரின் பரப்பு முழுவதிலிருந்தும் சிதறும் ஒளியை நடுவில் ஒட்டிய வட்டம் என்ன செய்துவிடும்? ஐயா, இதைக் கேட்கையில் என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கிட் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் அடாவடிக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. விளக்குக் கம்பங்கள் எரியாத சாலையில், மங்கிப்போன விளக்கை நம்பி ஓட்டுபவருக்குப் பயம் இருக்கும். எதிரே வருபவரின் செனானால் கண் கூசியவரே மறுவாரம் தாமும் ஒன்று வாங்கி மாட்டுகிறார். மஞ்சள் படிந்த விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் செய்து, பழைய பல்பை மாற்றி, ரிலேயும் தடித்த வயரும் போட்டு, ஒளியின் மட்டத்தைச் சரிசெய்தால், ஹாலஜனே போதிய வெளிச்சம் தரும். நீலம் கூடக்கூட வெளிச்சம் கூடும் என்று கடைக்காரர் சொல்வது பொய். மார்கழிப் பனியில் அந்த நீலவெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இந்த உண்மைகளைத் தங்கள் துறை சொன்னால் மக்கள் கேட்பார்கள்.

எனவே, ஒளிக்கற்றையை அளக்கும் கருவியோடு கூடிய இரவுச் சோதனையை மாவட்டந்தோறும் தொடங்குமாறும், விதியை மீறிய கிட்டைக் கழற்றி மூல பல்பைப் பொருத்திக் காட்டிய பின்னரே வாகனத்தை விடுவிக்குமாறும், அங்கீகாரமில்லாத கிட் விற்கும் கடைகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறும் பணிவோடு வேண்டுகிறேன். இரவு விபத்து விசாரணையில் எதிர்வாகன வெளிச்சம் பற்றி ஒரு கேள்வியைச் சேர்க்கும்படி காவல் துறைக்குத் தாங்கள் எழுதினால், அண்ணனைப் போன்றவர்களின் வாக்குமூலத்துக்கும் ஓர் இடம் கிடைக்கும். அடுத்த சம்பா அறுவடை தொடங்குமுன், நெல் ஏற்றிய டிரெய்லர்கள் ஓரங்களில் நிற்கத் தொடங்குமுன், முதல் சோதனையை எங்கள் சாலையில் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர்