ஒரு மாப் குறைகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "என் டீமில் யாரும் வாயைத் திறப்பதில்லை அம்மா, எல்லாம் கெட்டுப்போன பிறகுதான் எனக்குத் தெரியவருகிறது" என்றாய். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் ஆபீஸ் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் 31 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டராக நின்றவள் நான். மேலே இருப்பவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்வது என்றால் என்னவென்று தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு வயிற்று ஆபரேஷன். மூடுவதற்கு முன் மாப் எண்ணுவது என் பொறுப்பு. இரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி அது. ஒன்று உள்ளே தங்கினால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும். எண்ணினேன், ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன், அப்போதும் குறைந்தது. அன்று காலையில்தான் அந்த டாக்டர் கத்தரிக்கோல் சரியில்லை என்று தட்டோடு தள்ளிவிட்டிருந்தார். கீழே எங்காவது விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாளியைக் கிளறினேன். அவர் தையல் போட்டுக்கொண்டே போனார். கடைசித் தையல் வந்தபோதுதான் எனக்குக் குரல் வந்தது. மறுபடி பிரித்தார்கள். மாப் உள்ளேதான் இருந்தது. அந்த அம்மாள் நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் நான் பேசாமல் நின்ற நேரத்துக்கு அவர் கூடுதலாக மயக்கத்தில் கிடந்தார். அது இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகவில்லை.

பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார்கள். முதல் நாள், கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன், தரை துடைக்கும் ஆயா வரைக்கும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வாரமே எனக்கு ஒரு மாப் குறைந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டு, "சரி சிஸ்டர், தேடுவோம்" என்றார்கள். இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி கருவியின் கால் பெடலுக்கு அடியில் கிடந்தது. நாலு நிமிடம் போனது, முகம் சுளிக்கவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று வேலையைத் தொடர்ந்தார்கள். மறுநாள் காலை, எங்களிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத தியேட்டர் பையன் தானாக வந்து, "மேடம், இந்த டிரம்மில் டேப் கருக்கவில்லை" என்றான். டிரம் என்பது தியேட்டர் துணிகளை வைக்கும் டப்பா. நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் அதை வைத்து எடுத்தால், மேலே ஒட்டிய டேப்பில் கருப்புக் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் நீராவி சரியாகப் படவில்லை. அதற்கு முன் அப்படி எத்தனை டிரம் வந்ததோ, யார் கண்டது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்வது அதில் ஒன்று. டெல்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களில் வைத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது சுலபம், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளில் பட்டியலைக் கொண்டுவந்த பிறகு பார்த்தபோது, இறப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று 2014-ல் ஆய்வு வந்தது. காரணம் பலவிதமாகச் சொன்னார்கள். என் அனுபவத்தில், காகிதத்தில் டிக் மட்டும் போடும் தியேட்டரில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உன் திங்கட்கிழமை மீட்டிங்கும் அப்படி ஆகிவிட்டதா என்று பார்.

இன்னொன்றும் படித்தேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! அங்கே சொல்வதற்குப் பயமில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்று அவர் விளக்கினார். அதனால் உன்னிடம் பிரச்சினை எதுவும் வராத வாரத்தை நல்ல வாரம் என்று நினைக்காதே.

புதுப் பையன் ராத்திரி பதினோரு மணிக்குத் தன் தப்பைச் சொன்னபோது, குரூப்பில் "இதை இப்பவா சொல்றது?" என்று போட்டதாகச் சொன்னாயே. மற்ற ஏழு பேரும் அன்றைக்குத்தான் வாயை மூடியிருப்பார்கள். உன் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் அதே குரூப்பில், அவன் பெயரைச் சொல்லி, நான் அப்படிக் கேட்டது தப்பு என்று எழுது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அந்த ஏழு பேருக்கும் தெரியாது.

அப்புறம் தூக்கம். நான் இன்சார்ஜ் ஆனபோது அடுத்த மாத டூட்டி லிஸ்ட்டை 20-ஆம் தேதியே ஒட்டிவிடுவேன். நைட் முடித்தவரை மறுநாள் காலை கூப்பிடவே மாட்டேன். கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை என்று முன்கூட்டியே வந்து கேட்டார்கள். பொய் சொல்லி லீவு போடுவது குறைந்தது. தூங்காத கண் எண்ணிக்கையில் தவறும். உன் டீமில் மூன்று வாரமாக நைட் பார்ப்பது யார் என்றாய்? அதே பையன்தானே?

அந்த ஷிப்ட் லிஸ்ட்டை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை போனில் சேர்ந்து பார்க்கலாம், அப்பா சந்தைக்குப் போயிருப்பார்.

அன்புடன்,
அம்மா