பொங்கல் வாழ்த்து அட்டை: அரச இலையை இப்போதே ஊறப்போடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் இந்தப் பொங்கலுக்குத் தாத்தா பாட்டிக்கோ, தங்களுக்குப் பிடித்த வேறொரு பெரியவருக்கோ கையால் செய்த வாழ்த்து அட்டை கொடுக்கப்போகிறார்கள். அரச இலையின் சதையை நீக்கி, வலை மாதிரி நிற்கும் நரம்பின்மேல் படம் தீட்டி அட்டையில் ஒட்டுவதுதான் வேலை. இலை மூன்று, நான்கு வாரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். மழைக்குளிரில் இன்னும் சில நாள் கூடும். டிசம்பர் முதல் வாரத்தில் போட்டுவிட்டால், பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வு எழுதும்போது இலை தன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும். விடுமுறையில் தேய்க்கலாம்.

ஆளுக்கு ஐந்து இலை போடுங்கள், குறைந்தது இரண்டு கிழியும். கரும்பச்சையான, பூச்சி அரிக்காத முற்றிய இலையே வேண்டும். தளிரில் நரம்பு வலுப்பட்டிருக்காது, சதையோடு பிய்ந்து வரும். பூவரச இலையும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அரச இலைக்கு மட்டும் நுனியில் வால் நீண்டிருக்கும். கோயில் மரம் என்றால் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் இலை மூழ்கும் அளவு தண்ணீர், மிதக்காமலிருக்க மேலே ஒரு கல். சதையை அழுகவைப்பது தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்கள். நாற்றம் தாங்காமல் தினமும் தண்ணீரைக் கொட்டினால் அவையும் போய்விடும், இலை அப்படியே கிடக்கும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினால் போதும். வாளியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதை மட்டும் மறக்காதீர்கள். டெங்கு கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். சலவைச்சோடாவில் கொதிக்கவைத்தால் ஒரே நாளில் முடியுமே என்று சிலர் கேட்பார்கள். கொதி கொஞ்சம் கூடினாலும் நரம்பு நொய்ந்துவிடும். பிள்ளைகள் கையில் கொதிக்கிற சோடாத் தண்ணீரும் வேண்டாம்.

தொட்டால் சதை வழுக்கிக் கழன்றால் அதுதான் பதம். தட்டில் சிறிது தண்ணீர் விட்டு, இலையைப் பரப்பி, பழைய மென்மையான டூத்பிரஷால் மெல்லத் தட்ட வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் போக வேண்டும்; முன்னும் பின்னும் இழுத்தால் கிழியும். பெரும்பாலும் கிழிவது காம்புக்குப் பக்கத்தில், அங்கே சதை தடிப்பு. கழலாத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி வாளியில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். அலசிய நரம்பை வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு நாள் உலர்த்துங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஏறும். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும்.

வண்ணமும் ஒட்டுவதும் பள்ளியில் நடக்கும். தண்ணீராகக் கரைத்த வண்ணம் வலைக்கண் வழியே ஒழுகிவிடும் என்பதால் போஸ்டர் கலரைக் கெட்டியாகவே தொடச் சொல்வோம். பெவிகால் நடுநரம்பிலும் ஓரத்தில் நாலைந்து இடத்திலும் பொட்டு வைத்தால் போதும். முழுக்கத் தடவினால் வலைக்கண்களுக்கு நடுவே பளபளவென்று தெரியும்.

அட்டையின் ஓரத்துக்கு விதைகள் கொடுத்தனுப்பலாம். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி விதை நல்லது. பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி, அந்தக் கறுப்புப் பொட்டுள்ளது, கண்டிப்பாக வேண்டாம். அதன் ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அரளி, ஆமணக்கு விதைகளும் கூடாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எந்த விதையையும் தரையில் பரப்பாதீர்கள்.

உலர்ந்த நரம்பைப் பழைய நோட்டுக்குள் வைத்து, ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். ஓரம் கிழிந்ததையும் வாங்கிக்கொள்வோம். அம்மா தேய்த்ததா, பிள்ளை தேய்த்ததா என்பது பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்