அம்மீட்டரில் 1 ஆம்பியர், தாமிரத் தகட்டில் 0.89 ஆம்பியர்: புகார் கடிதம்

அனுப்புநர்:
வேதியியல் ஆய்வகப் பொறுப்பாசிரியர்,
மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டி.சி. பவர் சப்ளையின் அம்மீட்டர் மிகையாகக் காட்டுவதால் கருவியை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஆய்வகத்திற்குத் தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய டி.சி. பவர் சப்ளையின் அம்மீட்டர், உண்மையில் பாயும் மின்னோட்டத்தை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டுகிறது. இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, தாமிரத்தை எடைபோட்டுப் பார்ப்பது டிஜிட்டல் மீட்டரைச் சோதிக்கும் முறையாகாது என்று தங்கள் பிரிவினர் கூறிவிட்டதால், விவரத்தை எழுத்தில் தருகிறேன்.

மின்னோட்டம் செலுத்தும்போது, காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்று ஒரு தாமிர அயனி உலோகமாகப் படிகிறது; ஆகவே 63.55 கிராம் தாமிரம் படிய 2 × 96,485 கூலும் (மின்னூட்டத்தின் அலகு; ஒரு ஆம்பியர் ஒரு விநாடியில் கடத்தும் அளவு) வேண்டும், அதாவது ஒரு கூலுமுக்கு 0.3293 மில்லிகிராம். மீட்டர் 1.00 ஆம்பியர் காட்ட, 30 நிமிடம் மின்னோட்டம் செலுத்தினால் எதிர்மின்வாயில் 0.593 கிராம் படிந்திருக்க வேண்டும். படிந்ததோ 0.527 கிராம். இந்த எடையை 0.0003293-ஆலும் 1800 விநாடியாலும் வகுத்தால் கிடைக்கும் மின்னோட்டம் 0.89 ஆம்பியர்தான்.

சோதனையில் குறை இருக்கலாம் என்ற தங்கள் ஐயம் நியாயமானதே. அமிலக் கரைசலில் கலந்துள்ள காற்றால் படிந்த தாமிரம் சிறிதளவு மீண்டும் கரையக்கூடும் என்பதால் கரைசலில் சிறிது ஆல்கஹால் சேர்த்தோம். ஹைட்ரஜன் வெளியேறாதபடி அகன்ற தகட்டைப் பயன்படுத்தினோம். தகட்டைக் கழுவியபின், தாமிரம் ஆக்சைடாகி எடை கூடாதிருக்க, மிதமான சூட்டிலேயே உலர்த்தினோம். இவ்வளவுக்குப் பிறகும் 11 சதவீதக் குறைவைச் சோதனையின் மேல் சுமத்த இயலாது. மேலும், 0.50 ஆம்பியரில் ஒரு மணி நேரம் செலுத்தியபோது 0.528 கிராம் படிந்தது. அதாவது உண்மை மின்னோட்டம் 0.445 ஆம்பியர். இரண்டு அளவிலும் பிழை ஒரே விகிதத்தில் இருப்பதால் இது சுழிப்பிழை (மின்னோட்டமே இல்லாதபோதும் மீட்டர் ஒரு நிலையான அளவு தள்ளிக் காட்டும் பிழை) அன்று. உள்ளிருக்கும் ஷன்ட் மின்தடை (மின்னோட்டத்தை அளக்க மீட்டர் பயன்படுத்தும் சிறு மின்தடை) குறித்த மதிப்பை விடக் கூடுதலாக இருப்பதோ, அளவுத்திருத்தம் தவறியதோ காரணமாக இருக்க வேண்டும்.

உலோகத்தை எடைபோட்டு மின்னோட்டம் காண்பது பள்ளிக்கூடப் பயிற்சி மட்டுமன்று. வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் என்றே 1908-இல் லண்டன் மாநாடு பன்னாட்டு ஆம்பியரை வரையறுத்தது.

என்னை மிகவும் வருத்துவது மாணவர்களின் நிலை. இந்த மீட்டரை நம்பிக் கணக்கிட்ட அவர்களுக்கு ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம்) 96,485 கூலும் என்பதற்குப் பதிலாகச் சுமார் 1,08,500 என்று வந்தது. புத்தகத்தில் உள்ள விடையை வரவழைப்பதற்காகச் சிலர் தாங்கள் நேர்மையாக எடுத்த எடையையே அழித்துத் திருத்தினர். ஆய்வகத்தில் ஒரு பிள்ளை கற்கவே கூடாத பழக்கம் அது.

ஆகவே, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் இக்கருவிக்குப் பதிலாக அளவுத்திருத்தச் சான்றிதழுடன் வேறொன்றைத் தருமாறும், இதே தொகுப்பில் பிற பள்ளிகளுக்கு அனுப்பிய கருவிகளையும் சோதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எடைப் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாசிரியர்