கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த நோட்டு

அன்புக் கண்ணுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு உடனே தெரியவில்லை. "நான் படிக்கிறது அப்ளைடு கம்ப்யூட்டிங்தானேம்மா, அசல் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையே" என்றாய். அந்தத் 'தானே'யில் உன் குரல் இறங்கிப்போனது. பக்கத்து அறைப் பெண்கள் கம்பைலர், தியரி என்று பேசும்போது நீ வாயே திறப்பதில்லையாம். இந்த வருடம் முடிந்ததும் துறை மாறிவிடலாமா என்று யோசிக்கிறாயாம். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா" என்றுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மாறுவதும் மாறாததும் உன் முடிவு. கணக்கின் மேல் உனக்கு உண்மையிலேயே ஆசை வந்திருந்தால் போ, நான் தடுக்க மாட்டேன். ஆனால் உன் படிப்பு ஒரு படி தாழ்ந்தது என்று எண்ணிக்கொண்டு மாறாதே. அந்த எண்ணம் தப்பு. அது ஏன் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் எழுதும் சாஃப்ட்வேருக்கு முன்னால் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறவள் நான்.

ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் எனக்கு 22 வருடம் ஆகிவிட்டது. நீ ஏழாவது படிக்கும்போது அங்கே புது சாஃப்ட்வேர் வந்தது. ஒருவருடைய விவரத்தை முழுதாக நிரப்ப ஆறேழு நிமிடம் ஆகும். நடுவில் அவர் பழைய சீட்டைத் தேடிப் பையைத் துழாவுவார், இடுப்பில் இருக்கும் குழந்தை அழும், போன் நம்பர் ஞாபகம் வராது. எல்லாம் கேட்டு நிரப்பி சேவ் அழுத்தினால், 'மீண்டும் உள்நுழையவும்' என்று ஒரு வரி வரும். தட்டியது அத்தனையும் போயிருக்கும். எதிரில் காய்ச்சலோடு நிற்கிற மனிதரிடம் பெயரிலிருந்து மறுபடி கேட்க வேண்டும். அப்போது அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். முதலில் நோட்டில் எழுதுவது, பிறகு பார்த்துத் தட்டுவது. பள்ளி திறக்கும்போது உனக்கு வாங்கும் நோட்டுக் கட்டிலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன், ஞாபகம் இருக்கிறதா? அது இதற்குத்தான். மூன்று முறை மேலே எழுதிக் கொடுத்தோம். "சாஃப்ட்வேர் சரியாகத்தான் ஓடுகிறது" என்று பதில் வந்தது. அதில் பொய்யும் இல்லை. எழுதியவர்கள் எழுதியபடிதான் அது ஓடியது.

பிறகு ஒரு நாள், லேபிள் அச்சாவதைச் சரிசெய்ய ஒரு பெண் வந்தாள். இப்போது உனக்கு இருக்கும் வயதைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவள் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. கிளம்பப் போனவள் என் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க்கா எல்லாத்தையும் நோட்டில் எழுதுறீங்க?" என்றாள். சொன்னேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

காரணத்தை எனக்கும் விளக்கினாள். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் நான் தட்டிக்கொண்டே இருப்பது, விவரமெல்லாம் போய்ச் சேரும் மையக் கம்ப்யூட்டரான சர்வருக்குத் தெரியாது. சேவ் அழுத்தும்போதுதான் அதற்குச் செய்தியே போகும். அதன் கணக்கில் நான் ஐந்து நிமிடமும் சும்மா இருந்தவள். "அப்படியென்றால் அந்த நேரத்தை அரை மணியாக்கிவிடேன்" என்றேன். அவள் ஒப்பவில்லை. நான் எழுந்து போனால், திறந்து கிடக்கும் ஸ்கிரீனில் இன்னொருவருடைய நோயை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாமே என்றாள். நான் நினைத்துப் பார்க்காத விஷயம் அது. இரண்டு வாரத்தில், ஒவ்வொரு கட்டம் நிரம்பியதும் தானாகவே சேமித்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். ஸ்கிரீன் பூட்டிக்கொண்டாலும் மறுபடி உள்ளே போனால் விட்ட இடத்தில் திறக்கும். அதன் பிறகு எனக்கு நோட்டு தேவைப்படவில்லை.

அந்தப் பெண் எழுதிய கோட் எத்தனை வரி என்று எனக்குத் தெரியாது. அதிகம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்ததை அவள் பார்த்தாள், ஏன் என்று கேட்டாள். உன் படிப்பின் பெயரில் இருக்கும் அந்த 'அப்ளைடு' எனக்கு அதுதான்.

போன லீவில் நீ விட்டுவிட்டுப் போன பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விவரங்களை அடுக்கிச் சேமிக்கும் டேட்டாபேஸ் பற்றிய பகுதியில் நார்மலைசேஷன் என்று நீ கோடு போட்டிருந்த பக்கம் நன்றாகப் புரிந்தது. ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் வைக்காதே என்பதுதானே அதன் அடிப்படை? எங்களிடம் ஒருவருடைய போன் நம்பர் பதிவில் ஒன்று, ரத்தம் சோதிக்கிற லேப்பில் ஒன்று, பில்லில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தது. அவர் நம்பர் மாற்றினால் நாங்கள் பதிவில் மட்டும் மாற்றுவோம். லேப் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970இல் இந்த டேபிள் முறையை எழுதி வைத்தார் என்று நீ குறித்திருந்தாய். அதைப் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. 1970இலேயே ஒருவர் வழி சொல்லிவிட்டார், எங்கள் கவுண்டருக்கு அது வந்து சேரவில்லை. கண்டுபிடித்தவருக்கும் கவுண்டருக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தைக் கடக்க யாராவது படிக்க வேண்டும் இல்லையா?

அதே குறிப்பில் தெராக்-25 பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அதை மூன்று முறை படித்தேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிப் பாய்ச்சிவிட்டது, அதில் சிலர் இறந்தும் போனார்கள். முந்தைய மாடல்களில் ஆபத்தைத் தடுக்கத் தனியாக ஒரு கருவிப் பூட்டு இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை நம்பினார்கள். அந்த விபத்துகளில் ஒன்றில், இயக்கிய பெண் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டி, சட்டென்று மேலே போய்த் திருத்தினாள். எட்டு வினாடிக்குள் திருத்தி முடித்தால் எந்திரத்தின் ஒரு பகுதி அந்த மாற்றத்தைக் கவனிக்காமலே போனது. ஸ்கிரீனில் 'கோளாறு 54' என்று மட்டும் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கமில்லை. அவள் 'தொடர்க' என்ற பட்டனை அழுத்தினாள்.

கண்ணு, அந்தப் பெண் என்னைப் போன்றவள். அனுபவம் இருந்ததால்தான் அவ்வளவு வேகமாகத் திருத்தினாள். புதிதாக வந்தவள் மெதுவாகத் தட்டியிருந்தால் அந்தக் கோளாறு வெளியே வந்திருக்காது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அதனால்தான் அது அகப்படவில்லை. நானும் அர்த்தம் புரியாத எத்தனையோ செய்திகளுக்கு 'சரி' அழுத்தியிருக்கிறேன். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது வேறு என்ன செய்வது? நீ எழுதப்போகும் ஒவ்வொரு பிழைச் செய்தியையும், அதைப் படிக்கப்போகிறவள் களைத்துப்போய் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு எழுது.

இன்னொன்று. எழுத்துகளைத் திருப்பிப் போடும் புரோகிராம் ஒன்றைக் காட்டினாயே. ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் அழகாகத் திரும்பியது. 'தமிழ்' என்று போட்டுப் பார் என்றேன். உயிர்க்குறியும் புள்ளியும் இடம் மாறி, ஒரு வட்டத்தோடு ஏதோ வந்தது. உன் முகம் போன போக்கு! கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு ஐந்து குறி, அதைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் பதினைந்து பைட் இடம் என்று நீயே கண்டுபிடித்துச் சொன்னாய். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து, குறிகளை எழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திருப்பும்படி மாற்றினாய். பெயருக்கு இருபது பைட் போதும் என்று யாராவது ஒதுக்கினால் 'நாகலட்சுமி' 'நாகலட்'டோடு நின்றுவிடும் என்றும் சொன்னாய். அன்றைக்கு உன் கண்ணில் இருந்த ஆர்வத்தை நான் பார்த்தேன். நேற்றுப் போனில் பேசியதும் அதே பெண்தானா?

ஒரு விஷயத்தில் உன் தோழிகள் சொல்வது சரி. உங்கள் படிப்பில் கணக்கும், ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறையான அல்காரிதமும் கொஞ்சம் குறைவு. அதை நீயாகவே நிரப்பிக்கொள்ள வேண்டும். விருப்பப் பாடத்தில் அல்காரிதம் இருந்தால் கஷ்டம் என்று ஒதுக்காமல் எடு. வரிசைப்படுத்திய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை இருபது தடவை பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று விளக்கினாயே, பழைய ரெஜிஸ்டரை நடுவில் பிரித்து, முன்னாலா பின்னாலா என்று நான் தேடியதும் கிட்டத்தட்ட அதேதான். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தவளுக்கும், வெறுமனே பயன்படுத்துகிறவளுக்கும் ஒரு நாள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிலர் அசைன்மென்ட்டை ஏ.ஐ.யிடம் கொடுத்துச் செய்து வாங்கி, அப்படியே கொடுத்துவிடுகிறார்கள் என்றாயே, அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கேட்டுத் தெரிந்துகொள், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அங்கே ஏன் இருக்கிறது என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நீயே சொல்ல முடியாத கோட் எதையும் உன் பெயரில் கொடுக்காதே.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது எங்கள் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு வைக்கிறேன். நோயாளிகளின் விவரம் எதையும் நீ பார்க்கக் கூடாது, அதனால் மாதிரிப் பதிவுகளை வைத்து நான் தட்டிக் காட்டுகிறேன். இப்போது எனக்கு நோட்டு இல்லை. ஆனால் மானிட்டர் ஓரத்தில் ஏழு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று என்னிடம் கேள். பதில் சொல்ல அரை நாளாவது வேண்டும், அதனால் வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா